ரோடு வேலைக்கு டென்சிட்டி கேஜ் வாங்கறீங்களா? லைசென்ஸும் ரெஜிஸ்டரும் இப்படித்தான்

குன்னூர், கோத்தகிரி பக்கம் ரோடு கான்ட்ராக்ட் எடுத்து, மண்ணு நல்லா இறுகியிருக்கான்னு பாக்க நியூக்ளியர் டென்சிட்டி கேஜ் வாங்கலாம்னு இருக்கறவங்களுக்கும், அத பாத்துக்கன்னு சொல்லி ஸ்டோர்ல உக்கார வெச்ச பசங்களுக்கும்தான் இது.

மொதல்ல ஒண்ணு. எக்ஸ்ரே மெஷின்ல கரண்ட நிறுத்தினா கதிர் நின்னுடும். இதுல அப்படி இல்லைங்க, உள்ள இருக்கறது சோர்ஸ், அதாவது தானா கதிர் விடற கதிரியக்கப் பொருள், பேட்டரிய கழட்டினாலும் அது பாட்டுக்கு கதிர் விட்டுட்டேதான் இருக்கும். பெரும்பாலும் ரெண்டு சோர்ஸ் இருக்கும், கம்பி நுனில சீசியம்-137, அடிப்பக்கத்துல அமெரிசியம்-பெரிலியம்.

படி 1: கேஜ் வாங்கறதுக்கு முன்னாடியே ஏஇஆர்பி, அதாவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட ஈ-லோராங்கற ஆன்லைன் போர்ட்டல்ல கம்பெனிய பதிவு பண்ணுங்க. பொருள இறக்கிட்டு பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்ங்கற நம்ம ஊரு பழக்கம் இங்க ஆகாது.

படி 2: ஆர்எஸ்ஓ, கதிர்வீச்சு பாதுகாப்பு அதிகாரி, ஒருத்தர் வேணும். ட்ரெயினிங் முடிச்சு ஏஇஆர்பி ஒப்புதல் வாங்கினவரா இருக்கணும், முதலாளி மச்சான் பேர சும்மா எழுதி வெக்க முடியாது. கேஜ தொடற எல்லாருக்கும் டிஎல்டி பேட்ஜ், ஒடம்பு எவ்ளோ கதிர் (டோஸ்) வாங்குச்சுன்னு பதிவு பண்றது. வேலை முடிஞ்சதும் பேட்ஜ கேஜ் இருக்கற ரூம்லயே மாட்டிட்டுப் போயிடாதீங்க, நீங்க வாங்காத டோஸ் எல்லாம் உங்க கணக்குல ஏறும்.

படி 3: ஸ்டோர் ரூம். பூட்டு, கதிர்வீச்சு போர்டு, பக்கத்துல யாரும் உக்காரவோ படுக்கவோ கூடாது, வாட்ச்மேன் கட்டில் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தாலும் மாத்துங்க. மண்ணு சரியற சரிவு ஓரமா ரூம் எடுக்காதீங்க, ஐப்பசி மழைல என்ன ஆகும்னு நான் சொல்லணுமா.

படி 4: ரெஜிஸ்டர். பாதிப்பேர் சொதப்பறது இங்கதான். கேஜ் சீரியல் நம்பர மட்டும் எழுதிட்டு விட்டுடுவாங்க, உள்ள இருக்கற ஒவ்வொரு சோர்ஸுக்கும் தனி நம்பர் உண்டு, சர்டிபிகேட்ல இருக்கும், ரெண்டுக்கும் தனித்தனி வரி போடுங்க. எந்த சோர்ஸ், எத்தன மெகாபெக்கரல் (சோர்ஸோட கதிரியக்க அளவு), அது எந்த தேதில அளந்தது, யார்கிட்ட வாங்கினது, இப்ப எங்க இருக்கு, யார் எடுத்தா, எப்ப திரும்ப வந்துச்சு. தேதி இல்லாம அளவு எழுதினா பிரயோஜனமே இல்ல, சீசியம் 30 வருஷத்துல பாதியாயிடும், அமெரிசியத்துக்கு 432 வருஷம் ஆகும். இந்த ஈரத்துக்கு ஜெல் பேனா வேண்டாம், மை ஊறிடும். பால்பாயின்ட்ல எழுதுங்க.

படி 5: ஸ்டாக் செக். பெட்டிய எட்டிப் பாத்து டிக் போடறது செக் இல்லைங்க. காலிப் பெட்டியும் வெளியில இருந்து பாத்தா அதே மஞ்சப் பெட்டிதான். கதிர அளக்கற சர்வே மீட்டர எடுங்க, மொதல்ல ரூமுக்கு வெளிய தள்ளி நின்னு பேக்ரவுண்ட், அதாவது அந்த எடத்துல இயற்கையாவே இருக்கற கதிர் அளவ எழுதுங்க (ஊட்டி 2,240 மீட்டர் உயரத்துல இருக்கறதால விண்வெளில இருந்து வர்ற காஸ்மிக் கதிர் கூடுதல், கோயமுத்தூர் ரீடிங்க இங்க காப்பி அடிக்காதீங்க), அப்புறம் பெட்டி ஓரமா வெச்சு ரீடிங் எடுத்து, வந்த அன்னிக்கு எழுதினதோட ஒப்பிடுங்க. சாதா காமா மீட்டர் அமெரிசியம்-பெரிலியம் விடற நியூட்ரான காட்டாது, அதனால கேஜ்ல இருக்கற சீல், நம்பர் பிளேட்டையும் பாத்துடுங்க. ரீடிங் பேக்ரவுண்ட் அளவுக்கே இருந்தா, மீட்டர் பேட்டரிய மாத்தி இன்னொரு தடவ பாருங்க, அப்பவும் அப்படியேன்னா உடனே ஆர்எஸ்ஓக்கு போன். சோர்ஸ் காணோம்னா 24 மணி நேரத்துக்குள்ள ஏஇஆர்பிக்கு சொல்லியாகணும், 2004 விதிகள்ல இருக்கு. போலீஸுக்கும் சொல்லுங்க.

படி 6: கேஜ் பழசாயிடுச்சா? காயலான் கடைப்பக்கமே போகாதீங்க. 2010ல டெல்லி மாயாபுரில இதான் நடந்துச்சு, யுனிவர்சிட்டில சும்மா கெடந்த கோபால்ட்-60 மெஷின ஏலத்துல வித்துட்டாங்க, பழைய இரும்புக்காரங்க அத உடைச்சாங்க, ஒருத்தர் உயிரே போச்சு. ஏஇஆர்பி அனுமதி வாங்கி, சப்ளையருக்கோ அங்கீகாரம் உள்ள கழிவு மையத்துக்கோதான் அனுப்பணும். லாரி மேட்டுப்பாளையம் தாண்டிடுச்சுன்னு ரெஜிஸ்டர்ல அந்த சோர்ஸோட வரிய அடிச்சுடாதீங்க, அவங்க சோர்ஸ் நம்பர் போட்டு ரசீது அனுப்பினதும், அத ரெஜிஸ்டர்ல ஒட்டிட்டு அப்புறமா அடிங்க.