குண்டானுக்கு ஒரு சர்க்கிள், மூடிக்கு ஒரு சர்க்கிள்: டி.சி., சி.சி. பார்த்து வாங்குவது எப்படி?

பாத்திரம் செய்ய வட்டமாக வெட்டி வரும் அலுமினியத் தகடுதான் சர்க்கிள். ஒரே அலாய் (உலோகக் கலவை), ஒரே கனம், ஒரே விட்டம். முதல் கட்டு சர்க்கிள் பிரஸ்ஸில் வழவழவென்று இறங்குகிறது. அடுத்த கட்டு விளிம்பு மேடுபள்ளமாக எழும்பி (இந்த மேட்டைத்தான் காது என்பார்கள்), அடிமூலையில் கிழிகிறது. உடனே டையைக் குறை சொல்வார்கள். தகடு எந்த வார்ப்பில் பிறந்தது, டி.சி.யா சி.சி.யா என்று முதலில் கேளுங்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சிறிய பாத்திரப் பட்டறை போட நினைப்பவர்களுக்கான குறிப்பு இது. லேத்தும் பிரஸ்ஸும் ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. என்ன பாத்திரம்?

டி.சி. (டைரக்ட் சில்) வார்ப்பில், உருகிய அலுமினியத்தை அரை மீட்டர் கனத்துக்குப் பாளமாகத் தண்ணீர் அடித்து உறைய வைக்கிறார்கள். மேல்தோலைச் சீவி, 400–500 டிகிரி சூட்டில் உருட்டி, பிறகு குளிர்நிலையில் மெலிதாக்குகிறார்கள். சி.சி.யில் (கன்டினியுவஸ் காஸ்டிங், அதாவது தொடர் வார்ப்பு), தண்ணீர் ஓடும் இரண்டு உருளைகளுக்கு நடுவே உருகலை விட்டால் நேரே 6–8 மி.மீ. தகடாக வெளியே வரும். சூட்டு உருட்டலும் தோல் சீவலும் கிடையாது. அதனால்தான் விலை குறைவு. உலோகத்தின் மணிகள் (நுண்படிகங்கள்) சீரில்லாமல் போவதும் அதனால்தான்.

மூடி, தட்டு, ஆழமில்லாத சட்டி, லேத்தில் ஸ்பின்னிங் செய்யும் சாமான் இதற்கெல்லாம் சி.சி. தாராளமாகப் போதும். ஆழமான குண்டான், தூக்குவாளி, அனோடைஸ் (மின்சாரத்தால் ஆக்சைடு தோல் ஏற்றுவது) செய்யப்போகும் எதுவானாலும் டி.சி. வாங்குங்கள். நான்ஸ்டிக்குக்கு டி.சி.யிலும் 3003 அலாய்தான் (மாங்கனீசு கலந்தது) நல்லது. பூச்சைச் சுடும் சூட்டில் 1050 (கிட்டத்தட்ட சுத்த அலுமினியம்) ரொம்பவே இளகிவிடும்.

2. விட்டம்

20 செ.மீ. வாய், 12 செ.மீ. உயரக் குண்டானுக்கு: வாயின் வர்க்கம் 400. அதோடு 4 × 20 × 12 = 960 சேர்த்தால் 1360. வர்க்கமூலம் 36.9. விளிம்பு வெட்ட இடம் விட்டு 38 செ.மீ. சர்க்கிள் எடுங்கள். 38-ஐ 20-ஆல் வகுத்தால் 1.9. ஒரே இழுப்பில் (டையில் ஒருமுறை அழுத்திக் குழிப்பதில்) இது கிட்டத்தட்ட எல்லை. சி.சி. தகட்டில் இந்த அளவுக்குப் போகாதீர்கள். இரண்டு இழுப்பாகப் பிரியுங்கள்.

3. காஸ்டிக் சோதனை

வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். மில் சர்டிபிகேட்டில் அலாயும் டெம்பரும் (தகட்டின் இறுக்கம்; 'ஓ' என்றால் முழுக்க இளக்கியது) இருக்கும், வார்ப்பு முறை பல சமயம் இருக்காது. ஆர்டரிலேயே 'டி.சி., ஓ டெம்பர், டீப் டிராயிங் தரம்' என்று எழுதி வாங்குங்கள். வந்த சரக்கில் ஒரு துண்டை இப்படிப் பாருங்கள்:

ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர் பாத்திரம் மட்டும். அலுமினியச் சட்டியில் கரைத்தால் சட்டியே கரையும். கையுறை, கண்ணாடி கட்டாயம். ஹைட்ரஜன் வாயு வரும், எனவே திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பில்லாமல் செய்யுங்கள்.

60 டிகிரிச் சூட்டில் துண்டை 3–5 நிமிடம் முக்கி எடுத்து, ஓடும் தண்ணீரில் கழுவி, கறுப்புப் படிவைத் துணியால் தேயுங்கள். சாய்வெளிச்சத்தில் பாருங்கள். உருட்டிய திசையில் சாம்பல் கோடுகள் ஓடினால் சி.சி. என்று சந்தேகப்படலாம். அந்தக் கோடுகள்தான் அனோடைஸ் செய்தபின் பட்டையாகத் தெரியும். எந்தப் பாலிஷும் மறைக்காது. (அனோடைசிங்கில் சந்தேகம் என்றால் காரைக்குடியிலேயே சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது.)

4. கிண்ணச் சோதனை

உருட்டிய திசையைப் பென்சிலால் குறித்து, ஒரு சிறு கிண்ணம் இழுங்கள். மேடுகளின் சராசரி உயரத்திலிருந்து பள்ளங்களின் சராசரியைக் கழித்து, பள்ளத்தின் சராசரியால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். மேடு 42, பள்ளம் 40 மி.மீ. என்றால் காது 5 சதவீதம். சூட்டு உருட்டல் இல்லாத சி.சி.யில், திசைக்கு 45 டிகிரியில் காது பெரிதாக நிற்பது வழக்கம். காது எவ்வளவோ அவ்வளவும் வெட்டிக் குப்பைக்குத்தான்.

5. இரண்டாம் இழுப்புக்கு முன்

இழுத்த தகடு இறுகியிருக்கும். 350–400 டிகிரிக்குச் சூடேற்றி இளக்குங்கள். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் சலவை சோப்பைத் தடவி, அது கருக்கும்போது நெருப்பை நிறுத்தலாம். மேலே போனால் மணி பெருத்து, அடுத்த இழுப்பில் ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரக்கும்.

பிற்சேர்க்கை

எடை சரிபார்க்க: செ.மீ. விட்டத்தின் வர்க்கம் × மி.மீ. கனம் × 0.213 = கிராம். 30 செ.மீ., 2 மி.மீ. சர்க்கிள் சுமார் 383 கிராம் இருக்க வேண்டும்.

பணியாரச் சட்டிக்கு டி.சி.யா, சி.சி.யா என்று கேட்கிறார்கள். கனமான அலுமினியப் பணியாரச் சட்டி அச்சில் ஊற்றி எடுப்பது. அதற்கு சர்க்கிளே வேண்டாம்.