இன்ஹேலரை இழுக்கும் முறையும் பஃப் கணக்கும்

ஆஸ்துமாவுக்கோ சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கோ இன்ஹேலர் எழுதித் தரப்பட்டவர்கள், அது மூச்சுத்திணறல் வந்தவுடன் எடுப்பதற்கானதா, திணறல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றாடம் எடுப்பதற்கானதா என்பதை முதலில் தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். திணறல் வந்தவுடன் எடுக்கும் நிவாரண மருந்தான சால்பியூட்டமால் சில நிமிடங்களில் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தி, ஏறத்தாழ 4 முதல் 6 மணி நேரம் வேலை செய்கிறது. சால்மெட்டெரால் 12 மணி நேரமும் டையோட்ரோப்பியம் 24 மணி நேரமும் நீடிப்பவை. இவ்விரண்டும் திடீர்த் திணறலை அடக்கும் வேகம் உடையவை அல்ல என்பதால், அவசரத்தில் இவற்றை மீண்டும் மீண்டும் இழுப்பது பயன் தராமல் பக்கவிளைவை மட்டுமே கூட்டும். ஃபார்மோட்டெரால் நீண்ட நேரம் நீடிப்பதோடு விரைவாகவும் செயல்படும். அதனால் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டுடன் சேர்ந்த அதன் இன்ஹேலரைச் சில ஆஸ்துமா நோயாளிகளுக்கு இரு வேலைக்குமே மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு.

மருந்து எது என்று தெரிந்த பிறகு, கருவி எது என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்பதில்லை. ஒரு கருவிக்குச் சரியான மூச்சு இன்னொன்றுக்குத் தவறானது. அமுக்கிப் பீய்ச்சும் இன்ஹேலருக்கு மெதுவான, ஆழமான மூச்சு வேண்டும். பொடி இன்ஹேலருக்கோ தொடக்கத்திலிருந்தே வேகமான, வலுவான மூச்சு வேண்டும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் பழக்க தோஷத்தால் ஒரே விதமாக இழுத்துவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று முறையிடுவது சாதாரணமாக நடப்பது.

அமுக்கிப் பீய்ச்சும் வகையில், மூடியைக் கழற்றியதும் வாய்ப்பகுதிக்குள் எதுவும் சிக்கியிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். மூடி இல்லாமல் பையில் கிடந்த இன்ஹேலருக்குள் நாணயம் புகுந்து, அதை மூச்சோடு உள்ளே இழுத்துக்கொண்டவர்கள் உண்டு. பிறகு குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும். புதிய குப்பியாகவோ பல நாட்கள் பயன்படுத்தாததாகவோ இருந்தால், அதனுடன் வரும் தாளில் சொல்லியுள்ள எண்ணிக்கையில் காற்றில் பீய்ச்சிவிட வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை இயன்ற அளவு வெளியே விட்டு, உதடுகளால் வாய்ப்பகுதியை இறுக மூடிக்கொண்டு, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கிய அதே கணத்தில் குப்பியை ஒருமுறை அமுக்கி, தொடர்ந்து 4 அல்லது 5 விநாடிகள் இழுத்து, பின் 10 விநாடிகள் அல்லது இயன்றவரை மூச்சை அடக்க வேண்டும். இரண்டாவது பஃப் தேவையென்றால் அரை நிமிடமாவது கழித்து, மீண்டும் குலுக்கிவிட்டு எடுக்க வேண்டும். அடுத்தடுத்து இருமுறை அமுக்கி ஒரே மூச்சில் இழுப்பது வீண்.

அமுக்குவதையும் இழுப்பதையும் ஒன்றாகச் செய்வது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கே தவறிப்போகும் காரியம். தவறும்போது மருந்தின் பெரும்பகுதி தொண்டையில் படிந்து வயிற்றுக்குப் போய்விடுகிறது. எனவே இந்த வகை இன்ஹேலரை வயது பாராமல் எல்லோரும் ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தி, பீய்ச்சிய மருந்தைத் தேக்கி இழுக்க உதவும் கூடு) வழியாகவே எடுப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. அது குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மட்டுமே உரியது என்று எண்ணத் தேவையில்லை. ஸ்பேசருக்குள் ஒரு நேரத்தில் ஒரு பஃப் மட்டுமே செலுத்தி, உடனே இழுக்க வேண்டும். மாதம் ஒருமுறை சோப்பு கலந்த நீரில் அதை அலசி, துணியால் துடைக்காமல் தானாக உலரவிட வேண்டும், ஏனெனில் தேய்ப்பதால் உண்டாகும் நிலைமின்சாரம் மருந்துத் துகள்களைச் சுவரிலேயே ஒட்டவைத்துவிடும்.

பொடி இன்ஹேலரில் ஸ்பேசர் தேவையில்லை. ஆனால் மூச்சை வெளியே விடும்போது கருவியை வாயிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஊதினால் ஈரம் பட்டுப் பொடி கட்டியாகும். கேப்ஸ்யூலைத் துளைத்து இழுக்கும் வகையில், அந்தக் கேப்ஸ்யூலை மாத்திரையாக எண்ணி விழுங்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அது நுரையீரலுக்கு உதவாது.

நிவாரண மருந்தை எத்தனை முறை எடுக்கிறோம் என்பதுதான் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு நம் கையிலேயே உள்ள அளவுகோல். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் அழற்சியே மூலகாரணம். சால்பியூட்டமால் தசையைத் தளர்த்துமே தவிர அழற்சியைத் தொடுவதில்லை. ஆகவே திணறல் தணிந்துவிட்டது என்ற நிம்மதியிலேயே நோய் உள்ளே முற்றிக்கொண்டிருக்கலாம். ஆண்டுக்கு 200 பஃப் கொண்ட குப்பிகள் மூன்றோ அதற்கு மேலோ தீர்வது கடுமையான தாக்குதலுக்கான அபாயத்தோடும், மாதம் ஒன்று வீதம் தீர்வது மரண அபாயத்தோடும் தொடர்புடையவை. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுக் குழுவான ஜினா, சால்பியூட்டமாலை மட்டும் தனியாக நம்பியிருக்கும் சிகிச்சையை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. நீண்ட நேரம் நீடிக்கும் சால்மெட்டெரால், ஃபார்மோட்டெரால் ஆகியவற்றையும் ஆஸ்துமா நோயாளிகள் ஸ்டீராய்டு இல்லாமல் எடுக்கக் கூடாது. சிஓபிடியில் நிலைமை வேறு. அங்கே இத்தகைய நீடித்த மருந்துகளே சிகிச்சையின் அடிப்படை. ஒருவருடைய இன்ஹேலரை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கை நடுக்கம், படபடப்பு, தலைவலி, தசைப்பிடிப்பு ஆகியவை சால்பியூட்டமால் வகையில் வரக்கூடியவை. அளவு மிகுந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். டையோட்ரோப்பியம், இப்ராட்ரோப்பியம் வகையில் வாய் உலரும். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைபடலாம். மருந்து கண்ணில் பட்டால் கண் நீர் அழுத்த நோய் தீவிரமாகலாம் என்பதால் நெபுலைசர் (மருந்தை நுண்துளிகளாக்கித் தரும் கருவி) முகமூடி மூக்கோடு பொருந்தியிருக்க வேண்டும். இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் மட்டுமல்லாமல், டிமோலால் போன்ற கண் சொட்டு மருந்தும் மூச்சுக்குழாயை இறுக்கக்கூடும். கண் மருத்துவரிடம் இன்ஹேலரைப் பற்றிச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை, ஆனால் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரை எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணையும் தொண்டைக் கட்டலையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

வழக்கமான அளவு 4 மணி நேரம்கூடத் தாங்காமல் திணறல் திரும்பினால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலம் பாய்தல், குழப்பம் அல்லது அரைமயக்கம் ஆகியவற்றுள் எது தெரிந்தாலும் உடனே ஆம்புலன்சை அழைக்க வேண்டும். அது வரும்வரை நோயாளியைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து, ஆஸ்துமாவாயின், மருத்துவர் எழுதித் தந்த திட்டம் வேறாகச் சொல்லாத நிலையில், சால்பியூட்டமாலை ஸ்பேசர் வழியே நிமிடத்துக்கு ஒரு பஃப் வீதம் 10 வரை தரலாம். சிஓபிடி நோயாளிக்கு வீட்டிலுள்ள ஆக்சிஜனைத் தாமாகக் கூட்டிவைப்பது ஆபத்தானது. அவர்களுள் சிலருக்கு மிகுந்த ஆக்சிஜனால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயக்கம் வரும்.

குப்பி காலியா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் வழக்கம் நம்பத்தக்கதன்று. மருந்து தீர்ந்த பின்னும் உந்துவாயு மிஞ்சியிருந்து வெறுமனே பீய்ச்சிக்கொண்டிருக்கும். எண்காட்டி இல்லாத குப்பியில், தொடங்கிய தேதியை எழுதி ஒட்டிக் கணக்கு வைக்க வேண்டும்: நாளுக்கு 4 பஃப் என்றால் 200 பஃப் 50 நாளில் முடியும். வெயிலில் நிற்கும் காருக்குள் குப்பியை விடக் கூடாது. தீர்ந்துபோன குப்பியைத் துளைக்கவோ நெருப்பில் போடவோ கூடாது, அது வெடிக்கும்.