மெக்சிகோ நகரிலிருந்து ஒரு நாள் பயணம்: எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது?

மெக்சிகோ நகரிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, பேருந்து எந்த நிலையத்திலிருந்து புறப்படுகிறது என்பதைத்தான். பழங்காலப் பிரமிடு நகரமான தியோத்திவாக்கானுக்கு வடக்கு நிலையம், பூயெப்லாவுக்குக் கிழக்கிலுள்ள தாப்போ, தெபோஸ்த்லானுக்குத் தெற்கு நிலையம் எனத் திசைவாரியாகப் பிரிந்திருப்பதால், தங்குமிடத்துக்கு எதிர்ப்புறம் உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் காலைப்பொழுது நெரிசலிலேயே கரைந்துவிடும்.

நேரம் குறைவென்றால், சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள தியோத்திவாக்கானே போதும். சுமார் 65 மீட்டர் உயரமுள்ள சூரியப் பிரமிடு நிற்கும் அந்த வெளியில் ஒதுங்க நிழல் அரிது. கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேலே என்பதால் வெயில் சுள்ளென்று உறைக்கும், மூச்சும் வாங்கும். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, வாயில் திறக்கும் நேரத்திலேயே சென்றுவிடுங்கள்.

முழு நாளும் கையில் இருந்தால் என் தேர்வு பூயெப்லாதான். பேருந்தில் சுமார் இரண்டு மணி நேரம். நீலமும் வெள்ளையுமாய்ப் பளபளக்கும் தலவேரா ஓடுகள் பதித்த சுவர்களையும், மிளகாயும் சாக்லேட்டும் சேர்த்துக் காய்ச்சிய மோலே குழம்பையும் அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. பக்கத்திலுள்ள சோலூலாவில், மஞ்சள் நிறத் தேவாலயத்தைத் தலையில் சுமந்து நிற்கும் பசுங்குன்று உண்மையில் ஒரு மாபெரும் பிரமிடு. வானம் தெளிந்திருந்தால் அதன் பின்னே போப்போகாதெபெத்ல் எரிமலை தெரியும்.

தெபோஸ்த்லானின் மலைக்கோயிலுக்குச் செங்குத்தான கற்படிகளில் ஏற வேண்டும். முழங்கால் வலியுள்ளவர்களுக்கும், பிற்பகல் மழை வழக்கமான ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களுக்கும் அது ஏற்றதல்ல. வெள்ளி நகைகளுக்குப் பெயர்பெற்ற தாஸ்கோவுக்கு ஓர் இரவு தங்கும் திட்டத்தோடு செல்வதே நல்லது.