பிள்ளைகள் சமாதானம் பேசட்டும், பஞ்சாயத்து வேண்டாம்

பம்பரம் யாருடையது, பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதித்தாளா இல்லையா, ‘காய்’ விட்டவள் எப்போது ‘பழம்’ விடுவாள்? தொடக்கப் பள்ளிச் சண்டைகள் பெரும்பாலும் இவ்வளவுதான். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் நடுவில் உட்கார்ந்து இவற்றைப் பேசித் தீர்த்துவிட முடியும். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் 1970களிலேயே இதற்கான பயிற்சியை உருவாக்கினார்கள். நெல்லைச் சீமைப் பள்ளிகளிலும் தாராளமாகத் தொடங்கலாம், சில தவறுகளைத் தவிர்த்தால்.

சட்டாம்பிள்ளையிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். பேசியவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிற பிள்ளையிடம் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? அடிக்கடி சண்டை போடுகிற ஒருவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; கோபம் எப்படி ஏறுகிறது என்பது அவனுக்குத் தெரியும். ஊரின் எந்தத் தெருப் பிள்ளையும் விடுபடக் கூடாது.

“யார் முதலில் அடித்தது?” என்று தொடங்கினால் அங்கே விசாரணைதான் நடக்கும். என்ன நடந்தது, அப்போது எப்படி இருந்தது, இப்போது என்ன செய்தால் சரியாகும் என்று கேட்கப் பழக்குங்கள். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். “மன்னிப்புக் கேள், கை கொடு” என்ற கட்டளை மட்டும் வேண்டவே வேண்டாம். வாய் மன்னிப்புக் கேட்கும், பள்ளி விட்டதும் பஸ் நிறுத்தத்தில் சண்டை தொடரும்.

இந்த மண்ணில் செய்யக் கூடாத பெரிய தவறு, சாதிச் சீண்டலைப் பிள்ளைகளின் சமரசத்துக்கு விடுவது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியது உடன்படித்த மாணவர்கள். அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கைக்கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யுமாறு 2024இல் பரிந்துரைத்தது. கயிற்றின் நிறத்தைச் சொல்லியோ சாதிப் பெயரைச் சொல்லியோ ஒரு பிள்ளை இழிவுபடுத்தப்பட்டால், விட்டுக்கொடுக்க அந்தப் பிள்ளையிடம் என்ன இருக்கிறது? “நீயும் கொஞ்சம் பொறுத்துப் போ” என்று பத்து வயதுப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது இரண்டு பேருக்கும் செய்யும் கொடுமை. அதை ஆசிரியரும் தலைமையாசிரியரும்தான் அன்றே கையில் எடுக்க வேண்டும். ரத்தக் காயம், பலர் சேர்ந்து ஒருவரை வதைப்பது, தகாத தொடுதல் ஆகியவையும் அப்படியே. குழந்தைகள் உதவி எண் 1098 எல்லா வகுப்பறையிலும் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

ஆசிரியர்கள் செய்கிற தவறும் உண்டு. பிள்ளைகள் பேசி எடுத்த முடிவை, “இது என்ன தீர்ப்பு” என்று மாற்றிவிட்டால் மறுநாள் யாரும் அவர்களிடம் வர மாட்டார்கள். ஜூன் மாதம் பயிற்சி கொடுத்துவிட்டு அப்படியே விடுவதும் சரியில்லை. வாரம் ஒருமுறை அவர்களோடு உட்காருங்கள். “டீச்சர், இது எங்களால் முடியாது” என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் ஆட்களை மாற்றுங்கள். சமாதானம் பேசுகிற பிள்ளைக்கும் விளையாட நேரம் வேண்டுமே.