மைல்ஸில் ஃபர்ஸ்ட் கிளாஸ்: குடும்பத்தோடு கிளம்புபவர்கள் செய்யும் தவறுகள்

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துக் கல்யாணப் பந்திகளில் இப்போதெல்லாம் ஃபிளாட் விலைக்கு அடுத்தபடியாகக் காதில் விழுவது கிரெடிட் கார்டு பாயின்ட் பேச்சுதான். யாரோ ஒருவர் அந்தப் பாயின்டை விமான நிறுவனத்தின் மைல்ஸாக மாற்றி, அதைக் கொடுத்து சிங்கப்பூருக்குத் தனி சூட்டில், அதாவது விமானத்துக்குள் கதவு போட்ட தனி அறையில், போய் வந்திருப்பார். கேட்டவர் வீடு திரும்பியதும் நாமும் நாலு பேர் போகலாமே என்று கணக்குப் போடுவார். பாயின்ட் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைத் துல்லியமாகப் பார்ப்பார். விமானத்தில் சீட் எத்தனை இருக்கிறது என்று மட்டும் பார்க்க மாட்டார். குடும்பங்கள் செய்யும் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏ380 விமானத்தில், 2017-ல் வந்த புதிய அமைப்பில், சூட் மொத்தமே 6. அதே நிறுவனத்தின் போயிங் 777-ல் ஃபர்ஸ்ட் கிளாஸ் இருக்கை 4. லுஃப்தான்சாவின் 747-8-ல் 8. எமிரேட்ஸ் ஏ380-ல் 14, அதுதான் தாராளம். இவற்றைக் காசுக்கு விற்கத்தான் நிறுவனங்கள் விரும்பும். குறைந்த மைல்ஸுக்கு ஒன்றோ இரண்டோ விட்டாலே பெரிய விஷயம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே விமானத்தில் நாலு சீட் அமைவது அபூர்வம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் நெடுந்தூர விமானங்களில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சீட்டுகளை மைல்ஸுக்குத் தருவதாக உறுதி சொல்கிறது. அந்த உறுதியும் பிஸினஸ் கிளாஸோடு நின்றுவிடுகிறது.

ஆகவே, சீட் கண்ணில் படுவதற்கு முன் வங்கிப் பாயின்டை விமான நிறுவனத்துக்கு மாற்றிவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மாற்றினால் மாற்றியதுதான், திரும்பி வராது. எச்.டி.எஃப்.சி, ஆக்ஸிஸ், அமெக்ஸ் என்று எந்த கார்டானாலும் இதே கதைதான். வங்கியில் இருக்கும்வரை அந்தப் பாயின்டை நாலைந்து நிறுவனங்களில் எதற்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல்ஸ் திட்டமான கிரிஸ்ஃபிளையருக்குள் போய்விட்டால் அது கிரிஸ்ஃபிளையர் மைல்ஸ் மட்டுமே, 3 ஆண்டில் காலாவதியாகும். வெயிட்லிஸ்டில் போட்டுவிட்டு வந்துவிடும் என்று நம்பி மாற்றுபவர்களும் உண்டு. நாலு பேருக்கும் சேர்த்து வெயிட்லிஸ்ட் நகரும் என்று நான் எண்ண மாட்டேன்.

அதற்காக ஐந்து வருடம் வங்கியிலேயே சேர்த்து வைப்பதும் சரியில்லை. ஆக்ஸிஸ் மேக்னஸ் கார்டு வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். 2023 செப்டம்பர் 1 அன்று அந்த கார்டில் 5 பாயின்டுக்கு 4 மைல் என்றிருந்த விகிதம் 5-க்கு 2 ஆனது. கையிருப்பு ஒரே நாளில் பாதி. எந்த வருடம், எந்த மாதம், எந்த ஊர் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அந்தப் பயணத்துக்கு வேண்டிய அளவுக்குச் சேர்ப்பதே நல்லது. இதற்காகத் தேவையில்லாத செலவு செய்து, பாக்கி வைத்து மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டுபவர்களைப் பற்றி என்ன சொல்வது!

அடுத்தது பள்ளி விடுமுறை. மும்பையில் நமக்குக் கிடைப்பது மே மாதமும் தீபாவளியும். ஊரே கிளம்பும் நேரம் அது. கிரிஸ்ஃபிளையரில் 355 நாளுக்கு முன்னால் பதிவு திறக்கும், அதாவது இந்த மே விடுமுறை முடிவதற்குள் அடுத்த மே மாதத்தைத் தேட வேண்டும். புறப்படுவதற்குச் சில நாள் முன்பு, விற்காமல் தங்கிய சீட்டுகளைத் திறந்துவிடுவதும் உண்டு. தனி ஆளுக்கு அது வசதி. விசா, பிள்ளைகளின் பள்ளி, பாட்டியின் மருந்து எல்லாம் பார்த்துக் கிளம்புகிறவர்களுக்கு அது கைக்கு எட்டாது.

நாலு சீட் கிடைக்கவில்லையா, பிரிந்து போகலாம். அம்மாவும் மகளும் முதல் நாள், அப்பாவும் மகனும் மறுநாள். அல்லது பெரியவர்கள் மட்டும் முன்னால், பிள்ளைகள் பிஸினஸில். சைவக் குடும்பத்துக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் கேவியரால் ஒன்றும் ஆகப்போவதில்லை. பத்து வயதுப் பையனுக்கு ஷாம்பெயினாலும்தான். அவனுக்கு வேண்டியது நீட்டிப் படுக்க இடமும் பெரிய திரையும், இரண்டும் பிஸினஸிலேயே உண்டு. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஒரு எச்சரிக்கை: தனித்தனி டிக்கெட் போடும்போது ஒவ்வொரு பி.என்.ஆரிலும் (பதிவு எண்ணிலும்) ஒரு பெரியவர் இருக்க வேண்டும். குழந்தை மட்டும் ஒன்றில் இருந்தால், துணையின்றிப் பயணிக்கும் சிறுவர் என்று கணினி தடுத்துவிடும்.

எந்தத் தூரத்துக்கு மைல்ஸைச் செலவழிக்கிறோம் என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். மும்பை–சிங்கப்பூர் ஐந்தரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ராத்திரி ஏறினால் சாப்பாடு முடித்துப் படுக்கை விரிப்பதற்குள் பாதிப் பயணம் போய்விடும். ஏ380-ல் முன்னால் இருக்கும் இரண்டு ஜன்னலோர சூட்டுகளுக்கு இடையே உள்ள தடுப்பை இறக்கி இரட்டைக் கட்டிலாக்கலாம். இரு பக்கமும் சேர்த்து நாலு பேருக்கு இரண்டு கட்டில், குடும்பத்துக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் அதை சிங்கப்பூர்–லண்டன் மாதிரி பதினான்கு மணி நேரப் பயணத்துக்கு வைத்துக்கொண்டால்தான் கொடுத்த மைல்ஸுக்கு அர்த்தம் இருக்கும். மும்பை–துபாய்க்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் போடுவது வெறும் ஆசைக்கு. விமான வகையையும் பாருங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏ350-ஐ அனுப்பிவிட்டால் அதில் ஃபர்ஸ்ட் கிளாஸே கிடையாது.

எமிரேட்ஸை நம்பிப் பாயின்ட் சேர்ப்பவர்கள் பழைய தகவலோடு இருக்கிறார்கள். 2025 முதல் மைல்ஸில் ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுக்க அதன் மைல்ஸ் திட்டமான ஸ்கைவார்ட்ஸில் சில்வர் அல்லது அதற்கு மேலான தகுதி வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு மைல்ஸில் அந்த வகுப்பைத் தருவதிலும் கட்டுப்பாடு வந்துவிட்டது.

மைல்ஸ் டிக்கெட் இலவசம் என்ற எண்ணம் இன்னொன்று. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் விமானங்களில் மைல்ஸ் டிக்கெட்டுக்கு எரிபொருள் கூடுதல் கட்டணத்தை 2017-ல் எடுத்துவிட்டது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்றவை இன்னும் வாங்குகின்றன. லண்டனிலிருந்து கிளம்பினால் பிரிட்டன் அரசின் பயணி வரியும் சேரும். உயர்ந்த வகுப்புகளுக்கு அது கூடுதல். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்த வரியில் விலக்கு உண்டு, ஆனால் எக்கனாமியில் போனால் மட்டும். பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்தால் அவர்களுக்கும் முழு வரி. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு மைல்ஸும் பொதுவாகப் பெரியவர் அளவேதான். மடியில் உட்காரும் குழந்தைக்கு கிரிஸ்ஃபிளையரில் பெரியவர் டிக்கெட்டின் விற்பனை விலையில் 10 சதவீதம் ரொக்கமாகக் கட்ட வேண்டும். ஃபர்ஸ்ட் கிளாஸ் விலையில் பத்து சதவீதம் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸில் இதே கணக்கு மைல்ஸில் 10 சதவீதம்.

கணவர் கணக்கில் பாதி, மனைவி கணக்கில் பாதி என்று சிதறி வைப்பதும் வழக்கம். கிரிஸ்ஃபிளையரில் இரண்டு பேர் மைல்ஸை ஒன்றாக்க முடியாது. ஒருவர் கணக்கிலேயே குவித்து, மற்றவர்களை அதில் பயனாளிகளாகச் சேர்க்க வேண்டும், 5 பேர் வரை. எமிரேட்ஸிலும் பிரிட்டிஷ் ஏர்வேஸிலும் குடும்பக் கணக்கு வசதி உண்டு.

கடைசியாக, நம் ஆட்களுக்கே உரிய தொல்லை: இனிஷியல். கார்டில் ஆர். செந்தில், பாஸ்போர்ட்டில் செந்தில் ராமசாமி, மைல்ஸ் கணக்கில் ராமசாமி செந்தில் என்று மூன்று விதமாக இருந்தால், வங்கியிலிருந்து பாயின்ட் போகும்போதே பெயர் ஒத்துவரவில்லை என்று சிக்கும். மைல்ஸ் கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே தொடங்குங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்பவர்கள் துபாயிலோ அபுதாபியிலோ இரண்டு நாள் தங்கிப் போகத் திட்டமிட்டால் இன்னும் கவனம் தேவை. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் நுழைய முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு தளர்த்தியது. டிக்கெட் எடுப்பதற்கு முன் நாலு பாஸ்போர்ட்டையும் மேஜையில் பிரித்து வைத்து, இரண்டு பக்கத்தையும் எழுத்து எழுத்தாகப் பார்த்துவிடுங்கள்.