கதவில் கோளாறு இல்லை, சுவரில்தான்

18 மி.மீ. பிளைவுட்டில் செய்த சமையலறை மேல் அலமாரி. தரையில் வைத்தபோது இரண்டு கதவும் ஒரே மட்டமாக மூடின, சுவரில் மாட்டியதும் இடது கதவின் கீழ் மூலை மட்டும் வெளியே துருத்தியது. ஆட்டோ ஹிஞ்ச் (கதவைத் தானாக இழுத்து மூடும் கீல்) திருகுகளைத் திருப்பியே பல நாள் போனது. ஹிஞ்சையே மாற்றினேன், அப்படியேதான் இருந்தது.

அப்புறம் முகப்பில் மூலைக்கு மூலை இரண்டு நூல் கட்டினேன். பெட்டி முறுக்காமல் இருந்தால் நடுவில் நூல்கள் லேசாகத் தொட வேண்டும். தொட்டன, ஆனால் அதை நம்பாதீர்கள், பெட்டி முறுக்கியிருந்தாலும் ஒன்றையொன்று அழுத்தித் தொடலாம். நடுவில் முன்னால் இருக்கும் நூலைப் பின்னால் போகும்படி மாற்றிக் கட்டிப் பாருங்கள். மாற்றியதும் நடுவில் நல்ல இடைவெளி! பூச்சு பள்ளமான இடத்தில் சுவர் திருகு பெட்டியின் ஒரு மூலையை உள்ளே இழுத்திருக்கிறது.

அந்தத் திருகைத் தளர்த்தி, பின்னால் 1 மி.மீ. மைக்கா (பிளைவுட் மேல் ஒட்டும் லேமினேட் தகடு) துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி இறுக்கினேன். எப்படி மாற்றிக் கட்டினாலும் நூல்கள் லேசாகத் தொட்டன, கதவும் மட்டமானது. நிம்மதி.