நாடுகடத்தப்பட்ட பிரிட்டிஷ் மூதாதையரைத் தேடுவது எப்படி? கப்பலைப் பிடியுங்கள், ஆள் கிடைப்பார்

என் கணவரின் குடும்பம் டாஸ்மேனியாவைச் சேர்ந்தது. அத்தையின் தாத்தாவுக்குத் தாத்தா இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர் என்றுதான் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். அவர் கைதியாகக் கப்பலேற்றப்பட்டவர் என்பது ஆவணக் காப்பகத்தின் ஒரு பக்கத்தில் இருந்தது. 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 பேரை பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தியது. இந்நாட்டுக் குடும்பங்களில் மணம் முடித்திருக்கும் நம்மவர்களின் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு முன்னோர் இருக்கக்கூடும். அவரைத் தேடும் வழியை, நான் தேடிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: இறப்பிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

வம்சாவளி வரைவது, சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிறந்த ஊரிலிருந்து தொடங்காதீர்கள். இறந்த ஊரிலிருந்து தொடங்குங்கள். அரசுப் பதிவு டாஸ்மேனியாவில் 1838 டிசம்பரிலும், விக்டோரியாவில் 1853-லும், நியூ சவுத் வேல்ஸில் 1856-லும் தொடங்கியது. விக்டோரியாவின் பழைய இறப்புச் சான்றிதழ் மிக அருமையான ஆவணம். பெற்றோர் பெயர், பிறந்த இடம், காலனிகளில் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த ஆண்டுகளைக் கழித்தால் அவர் வந்திறங்கிய காலம் உத்தேசமாகக் கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: எந்தக் காலனி?

நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது 1840-ல் பெரும்பாலும் நின்றுவிட்டது. வான் டீமன்ஸ் லேண்ட் என்று அழைக்கப்பட்ட டாஸ்மேனியாவுக்கு 1853 வரை அனுப்பினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு 1850 முதல் 1868 வரை. அங்கே ஆண்கள் மட்டுமே அனுப்பப்பட்டார்கள். ஆண்டு தெரிந்தால் எந்த மாநிலத்தின் காப்பகத்தைத் தட்ட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: கப்பல்

என்னை நெடுநாள் நிறுத்திவைத்த படி இது. எங்கள் பெரியவரின் பெயரிலேயே, ஏறக்குறைய அவர் வயதிலேயே, இங்கிலாந்தின் வட மாவட்டங்களிலிருந்து வந்த இன்னொருவரும் டாஸ்மேனியாவில் இருந்தார். ஜான், வில்லியம், தாமஸ், ஜேம்ஸ் என்ற சில பெயர்களையே ஆயிரக்கணக்கானோர் வைத்திருந்த காலம் அது. அன்றைய அதிகாரிகளுக்கும் இதே சிக்கல் இருந்தது. அதனால்தான் கைதியின் பெயரை எங்கே எழுதினாலும் அவர் வந்த கப்பலின் பெயரையும் சேர்த்தே எழுதினார்கள். நம் பெயருக்கு முன்னால் வரும் இனிஷியலைப் போல அந்தக் கப்பல் பெயர் அவரைச் சாகும்வரை தொடர்ந்தது. திருமண அனுமதி, தப்பியோடியவர் பற்றிய அறிவிப்பு, மன்னிப்பு ஆணை என்று எதை எடுத்தாலும் கப்பல் இருக்கும்.

நாடுகடத்தல் பதிவேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எச்.ஓ. 11 என்ற எண்ணில் இருக்கின்றன (எச்.ஓ. என்றால் ஹோம் ஆஃபீஸ், பிரிட்டனின் உள்துறை). அவற்றை வைத்து குயின்ஸ்லாந்து மாநில நூலகம் உருவாக்கிய தரவுத்தளத்தை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெயர், தண்டித்த நீதிமன்றம், தேதி, தண்டனைக் காலம், கப்பல் ஆகியவை அதில் வரும். குற்றம் என்ன என்பதை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒரே கப்பல் பலமுறை கைதிகளை ஏற்றிவந்திருக்கிறது. ஏசியா என்ற கப்பலை மட்டும் தேடிப்பாருங்கள், எத்தனை பயணங்கள் வருகின்றன என்று தெரியும். ஆகவே கப்பலோடு ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, பிரிட்டிஷ் பதிவேடு கப்பல் புறப்பட்ட தேதியைச் சொல்லும்; காலனிப் பதிவேடு வந்துசேர்ந்த தேதியைச் சொல்லும். பயணத்துக்கு நான்கு மாதம் போல ஆகும். அக்டோபரில் கிளம்பிய கப்பல் அடுத்த பிப்ரவரியில் வந்துசேரும். ஒரு தளத்தில் 1832, இன்னொன்றில் 1833 என்று இருந்தால் வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நீதிமன்றத்தின் பெயரும் தண்டனை விதித்த தேதியும் பொருந்தினால் அவர் ஒருவரேதான். எங்கள் குழப்பம் தீர்ந்ததும் இப்படித்தான்.

நான்காம் படி: நடத்தைப் பதிவேடு

டாஸ்மேனியா என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 'டாஸ்மேனியன் நேம்ஸ் இண்டெக்ஸ்' என்ற தேடலில் பெயரைக் கொடுத்தால், கப்பல் பெயரோடு மூலப் பக்கத்தின் படமே இலவசமாகத் திறக்கும். தண்டனைக் காலத்தில் கைதி எப்படி நடந்துகொண்டார் என்று எழுதிவந்த நடத்தைப் பதிவேடுகளின் காப்பக எண்கள் இவை: 1840-க்கு முன் வந்த ஆண்களுக்கு 'கான் 31', பின்னர் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் 'கான் 33'. பெண்களுக்கு 'கான் 40', 'கான் 41'. உயரம், கண்ணின் நிறம், பச்சை குத்தியிருப்பது, தழும்பு ஆகியவை 'கான் 18' போன்ற அங்க அடையாளப் பட்டியல்களில் இருக்கும். புகைப்படம் இல்லாத ஒருவரின் புருவத்தைப் பற்றிப் படிக்கும்போது மனம் நெகிழ்ந்துவிடும்.

நடத்தைப் பக்கத்தில் எழுத்து நெருக்கமாக, குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். படத்தைப் பதிவிறக்கி, பெரிதாக்கி, கறுப்பு வெள்ளையின் அழுத்தத்தைக் கூட்டி வாசியுங்கள். கையெழுத்தை வாசித்துத்தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன; ஆனாலும் முதலில் உங்கள் கண்ணாலேயே படியுங்கள் என்பேன். பத்து வரி படித்ததும் அந்த எழுத்தர் பழகிவிடுவார். ஒவ்வொரு பதிவிலும் தேதி, எந்த எஜமானரிடம் வேலை, என்ன குற்றம், என்ன தண்டனை என்ற வரிசை திரும்பத் திரும்ப வரும். அனுமதியின்றி வெளியே சென்றது, குடித்தது, எதிர்த்துப் பேசியது. அதற்கு 25 கசையடி, மிதிசக்கரம், தனிச்சிறையில் ரொட்டியும் தண்ணீரும். டி.எல். என்றால் டிக்கெட் ஆஃப் லீவ், அதாவது தண்டனைக் காலம் முடியும் முன்பே கூலிக்கு உழைக்கத் தரப்பட்ட அனுமதி. சி.பி. என்றால் நிபந்தனை மன்னிப்பு. அதைப் பெற்றவர் காலனியில் சுதந்திரமாக வாழலாம், பிரிட்டனுக்குத் திரும்ப முடியாது.

அந்தப் பக்கத்தில் மேலே, சிறை அறிக்கைக்கும் கப்பல் மருத்துவர் அறிக்கைக்கும் அருகில் 'ஸ்டேட்டட் திஸ் அஃபென்ஸ்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். வந்திறங்கியதும் எழுத்தர் ஒவ்வொருவரையும் விசாரித்து, அவர் தன் குற்றத்தைப் பற்றிச் சொன்னதை எழுதிய இடம் அது. மனைவி, பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதும் அங்கேயே வரலாம். மற்ற வரிகளெல்லாம் அவரை அடக்கியவர்களின் சொற்கள். இந்த ஒரு வரி அவர் வாயிலிருந்து வந்தது. வேறு எதை விட்டாலும் இதை வாசிக்காமல் விடாதீர்கள்.

நியூ சவுத் வேல்ஸில் எல்லாம் ஒரே பக்கத்தில் இப்படித் திரண்டு கிடைக்காது. கப்பல் பட்டியல், டிக்கெட், விடுதலைச் சான்றிதழ், மன்னிப்பு என்று தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். ஆயுள் தண்டனை பெற்றவருக்கு விடுதலைச் சான்றிதழ் கிடையாது. மன்னிப்பு ஆணைகளில் தேடுங்கள்.

ஐந்தாம் படி: வழக்கு

லண்டனில் விசாரிக்கப்பட்டவர் என்றால், ஓல்ட் பெய்லி என்ற லண்டன் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குகளைக் கொண்ட 'ஓல்ட் பெய்லி ஆன்லைன்' தளத்தில் சாட்சிகளின் வாக்குமூலம்கூடக் கிடைக்கலாம். அங்கே தண்டிக்கப்பட்டவர்களின் வாழ்க்கைப் பதிவுகளை இணைத்துத் தரும் 'டிஜிட்டல் பனாப்டிகான்' தளத்தையும் பாருங்கள். இரண்டும் இலவசம். வெளி மாவட்டத்தவர் என்றால், எச்.ஓ. 27 குற்றப் பதிவேட்டில் குற்றம் என்ன என்பது இருக்கும். விவரத்துக்கு அந்த மாவட்டக் காப்பகமும் அன்றைய உள்ளூர்ப் பத்திரிகையும்தான் கதி. எச்.ஓ. 17, எச்.ஓ. 18 என்ற கருணை மனுக்களைக் கட்டாயம் தேடுங்கள். குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும் சேர்ந்து கையெழுத்திட்ட மனு அகப்பட்டால், அவர் விட்டுவந்த தெருவே தெரியும்.

கட்டணத் தளங்களுக்குக் கடைசியில் போங்கள். ஆஸ்திரேலியப் பொது நூலகங்கள் பலவற்றில் அவற்றை இலவசமாகப் பார்க்கலாம். அங்கே பிறர் வரைந்து வைத்திருக்கும் வம்சாவளியை அப்படியே எடுக்காதீர்கள். கப்பல் பெயர் இல்லாத எந்த இணைப்பையும் நான் நம்புவதில்லை.

ஆறாம் படி: விடுதலைக்குப் பிறகு

ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் பழைய பத்திரிகைகள் இலவசம். டாஸ்மேனியாவில் திடீரென்று ஆள் காணாமல் போனால், 1851-க்குப் பிந்தைய விக்டோரியாவில் தேடுங்கள். தங்கம் கிடைத்த செய்தி கேட்டு விடுதலையானவர்கள் பலர் கடல் கடந்தார்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் எழுதிக் கேட்டவை

அயர்லாந்தில் தண்டிக்கப்பட்டவர்களுக்கு வழி வேறு. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் தனித் தரவுத்தளம் இருக்கிறது. 1836-க்கு முந்தைய நாடுகடத்தல் பதிவேடுகள் 1922-ல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் தீயில் அழிந்தன. அந்தக் காலத்தவர்களை ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்தே தேட வேண்டும்.

பெண் முன்னோர் கிடைக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். மணமான பிறகு பெயர் மாறியிருக்கும். தண்டனைக் காலத்தில் மணம் முடிக்க அரசின் அனுமதி தேவைப்பட்டது. டாஸ்மேனியாவில் 'கான் 52' பதிவேட்டில் மணமக்கள் இருவர் பெயரும், கைதியானால் வந்த கப்பலும் இருக்கும். ஹோபார்ட்டிலுள்ள பெண் கைதிகள் ஆய்வு மையத்தின் தரவுத்தளத்தையும் பாருங்கள்.

சென்னையிலிருந்து கைதியாக வந்த வெள்ளையர் பற்றி இன்னொருவர் கேட்டார். உண்டு. இந்தியாவில் இராணுவ நீதிமன்றங்கள் தண்டித்த பிரிட்டிஷ் சிப்பாய்களையும் இங்கே அனுப்பினார்கள். அவர்களை இங்கிலாந்தின் குற்றப் பதிவேடுகளில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். காலனியின் கப்பல் பட்டியலில் தண்டித்த இடம் மெட்ராஸ் என்றிருந்தால், அவருடைய படைப்பிரிவின் பெயரைக் குறித்துக்கொண்டு இராணுவ ஆவணங்களுக்குச் செல்லுங்கள்.